கல்கத்தா மைதானத்தின் காவல்வீரர் சைலேன் மன்னா

வங்க மண்ணில் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை எவனாயினும், பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு வினாவை எதிர்கொண்டே தீர வேண்டும். "நீ மோகன் பகானா, ஈஸ்ட் பெங்காலா?" என்பதே அவ்வினா. சொந்த ஊர் யாது, வீட்டில் பேசும் மொழி யாது, தந்தையார் எந்த அலுவலகத்தில் பணியாற்றுகிறார் என்பனவெல்லாம் அதற்குப் பின்னர்தான். ஈஸ்ட் பெங்கால் வென்ற நாளில் கடைத்தெருவில் இலிஷ் மீனும், மோகன் பகான் வென்ற நாளில் இறாலும் விலை ஏறும் என்பது இந்நகரத்துப் பழைய வழக்கு. நம்மவருள் மரக்கறி உணவினர் பலராதலின் அவ்விலையேற்றம் நம் வீட்டுக் கணக்கைப் பெரிதும் தாக்குவதில்லை. ஆனால் கால்பந்தின் ஆரவாரமோ, லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் முருங்கைக்காயும் வாங்கச் சென்றவரைக்கூட விட்டுவைப்பதில்லை.

இத்தகைய நகரில் வாழும் நாம், இந்நகரத்து மக்கள் தம் நெஞ்சில் வைத்துப் போற்றும் ஒருவரின் வரலாற்றை அறிந்திருத்தல் தகும். கோல் அடித்தவர்களுக்கே மாலையும் மரியாதையும் கிடைக்கும் ஆட்டத்தில், பிறர் அடிக்கவொட்டாமல் தடுத்தே பெரும்புகழ் எய்தியவர் அவர். சைலேந்திரநாத் மன்னா என்பது முழுப்பெயர். சைலேன் மன்னா என்பது ஏடுகளில் வழங்கிய பெயர். மைதானத்தார்க்கோ அவர் 'மன்னாதா', அதாவது மன்னா அண்ணன்.

அவர் வரலாற்றைச் சொல்ல வேறொரு காரணமும் உண்டு. அவர் காலத்து இந்திய அணியைப் பற்றி ஒரு கதை நாடெங்கும் வழங்குகிறது. 1950ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டியில் ஆட இந்தியாவுக்கு இடம் கிடைத்ததாம்; பூட்ஸ் அணிந்தே ஆட வேண்டும் என்று போட்டியை நடத்துவோர் வற்புறுத்தினராம்; வெறுங்காலால் ஆடிப் பழகிய நம்மவர் அதற்கு இசையாமல் போக மறுத்தனராம். கேட்பதற்கு இனிய கதை. பெரியோர் சிறியோர்க்குச் சொல்ல, அவர் தம் பிள்ளைகட்குச் சொல்ல, மூன்று தலைமுறையாக வாழ்ந்துவரும் கதை. ஆயின் அந்த அணி சென்றிருந்தால் அதற்குத் தலைமை தாங்கியிருக்கக் கூடியவரே அதனை ஒப்பவில்லை. அவர் சொல் கேட்கப்பட வேண்டுமானால் அவர் யார் என்பது முதலில் தெரிய வேண்டும்.

அக்காலத்து ஆட்டமுறையில் கோல் காப்பவருக்கு முன்னே இருவர் நிற்பர். அவர்களுக்கு 'பேக்' என்று பெயர். அவர்க்கு முன்னே மூவர், 'ஹாஃப் பேக்'. அதற்கும் முன்னே ஐவர், 'பார்வர்டு'. எதிரியின் ஐவரும் திரண்டு வரும்போது இறுதியாக எதிர்நிற்க வேண்டியவர் அவ்விரு பேக்குகளே. 1925ஆம் ஆண்டு வரையில் 'ஆஃப்சைடு' விதி அவர்கட்குப் பெருந்துணையாக இருந்தது. பந்தைப் பெறும் முன்னணி ஆட்டக்காரனுக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவராவது இருக்க வேண்டும் என்பது பழைய விதி. ஆகவே ஒரு பேக் சற்றே முன்னேறி நின்றாலே எதிரி சிக்கிக்கொள்வான். அவ்வாண்டில் மூவர் என்பது இருவராகக் குறைக்கப்பட்டது. இங்கிலாந்தில் உடனே மூன்றாவது பேக் ஒருவரை நடுவில் நிறுத்தும் முறை எழுந்தது. கல்கத்தாவிலோ பழைய இருவர் முறையே நெடுங்காலம் நீடித்தது. விதி மாறியபின் வேலை இரட்டிப்பாயிற்று. ஆள் மட்டும் கூடவில்லை. மன்னா ஆடிய காலம் இத்தகையது.

பேக்கின் வரலாற்றில் இன்னொரு புதுமையும் உண்டு. 1911ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள், ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியாட்டத்தில் மோகன் பகான் கழகம் ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவினரை 2-1 என்ற கணக்கில் வென்றது. ஆங்கிலப் பட்டாளத்தாரை வெறுங்கால் வங்காளிகள் வென்றனர் என்று நாடே கொண்டாடியது. ஆனால் அப்பதினொருவரில் ஒருவர் பூட்ஸ் அணிந்திருந்தார். அவர் சுதீர் சாட்டர்ஜி; அவர் நின்ற இடம் பேக். வெறுங்காலின் வீரகாவியம் என்று நாம் போற்றும் அவ்வாட்டத்திலேயே கடைசிக் காவலில் நின்ற இருவரில் ஒருவர் காலில் தோல் பூட்ஸ் இருந்தது என்பதை இங்கே நினைவில் வைத்தல் நலம்.

அவ்வெற்றிக்குப் பின்வந்த தலைமுறையின் பெரும் பேக் கோஷ்டோ பால். 1896ஆம் ஆண்டு பிறந்தவர். இருபது ஆண்டுகளுக்கு மேல் மோகன் பகானுக்கு வெறுங்காலுடன் ஆடினார். அவரைக் கடந்து செல்ல இயலாமையால் அவரைச் 'சீனப் பெருஞ்சுவர்' என்றனர். 1962ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார். அவ்விருது பெற்ற முதல் கால்பந்து வீரர் அவரே. 1976இல் மறைந்தார். ஈடன் தோட்டத்தை ஒட்டிய சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மோகன் பகான் மேற்கு வங்கத்தாருக்கு, ஈஸ்ட் பெங்கால் கிழக்கிலிருந்து வந்தாருக்கு என்று வாதிடும் நண்பர்கள் ஒன்றை மறந்துவிடுகின்றனர். மோகன் பகானின் அப்பெருஞ்சுவர் பிறந்தது கிழக்கே பரீத்பூர் மாவட்டத்தில், இன்றைய வங்காள தேசத்தில்!

இனி மன்னாவிடம் வருவோம்.

அவர் 1924ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் ஹௌராவில் பிறந்தார். ஆற்றுக்கு இப்புறம் கல்கத்தாவின் மாளிகைகள். அப்புறம் ஆலைகளும் பட்டறைகளும் நிறைந்த ஹௌரா. அவ்வூரின் ஹௌரா யூனியன் கழகத்தில் ஆடத் தொடங்கி, 1942இல் மோகன் பகானில் சேர்ந்தார். அப்போது அவருக்கு அகவை பதினெட்டு நிரம்பவில்லை. 1960ஆம் ஆண்டு வரையில் வேறு கழகத்தின் சட்டையை அவர் அணியவே இல்லை.

அவர் சேர்ந்த காலம் எத்தகையது என்பதை நம் முதியோர் அறிவர். ஜப்பானியர் குண்டுகளுக்கு அஞ்சி நகரத்தார் வெளியேறிய காலம். அதன்பின் 1943ஆம் ஆண்டுப் பஞ்சம். 1946ஆம் ஆண்டு ஆகஸ்டில் தெருக்கள் குருதியில் தோய்ந்த கலவரம். அவ்வாண்டு ஐ.எஃப்.ஏ. ஷீல்டுப் போட்டி நடைபெறவே இல்லை. மறு ஆண்டு நாடு விடுதலை பெற்றது, வங்கம் இரண்டாயிற்று. 1947ஆம் ஆண்டு ஷீல்டு இறுதியாட்டத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் எதிர்நின்றன. மோகன் பகான் 1-0 என்று வென்றது. 1911க்குப் பின் அக்கழகம் அந்த ஷீல்டை ஏந்தியது அப்போதுதான். வீடிழந்து எல்லை கடந்து வந்தோர் ஆயிரமாயிரமாக நகரில் குவிந்த நாள்களில், இவ்வாட்டங்களுக்கு வெறும் பொழுதுபோக்கு என்ற பெயர் பொருந்தாது. இழந்த ஊரின் பெயரை ஒரு சட்டையின் நிறத்தில் கண்டவர் எத்தனையோ பேர்.

மன்னா எவ்வாறு ஆடினார் என்பதைச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் வெறுங்கால் கதையின் ஆரவாரத்தில் மறைந்துபோனது அதுவே. அக்காலத்துப் பந்து தடித்த தோலால் ஆனது. கயிற்றால் தைத்து முடிந்தது. மழையில் நனைந்தால் நீரைக் குடித்துக் கனக்கும். கல்கத்தாவின் கால்பந்துப் பருவமோ மழைக்காலம். உலர்ந்த தரையில் வெறுங்கால் ஆட்டக்காரனுக்குப் பந்து சொன்னபடி கேட்கும். சேற்றில் அவன் கால் வழுக்கும். குமிழ் பதித்த பூட்ஸ் அணிந்தவன் ஊன்றி நிற்பான். பட்டாளத்து அணிகள் மழையை வரவேற்றதன் காரணம் இதுவே.

முன்னணியில் ஆடுவோர் வெறுங்காலுடன் நழுவி ஓடலாம். பேக்குக்கு அவ்வசதி இல்லை. பூட்ஸ் அணிந்த காலிலிருந்து பந்தைப் பறிப்பதே அவன் தொழில். ஒரு கணம் தவறினால் விரல் நொறுங்கும். ஆகவே வெறுங்கால் பேக் மோதிப் பறிப்பவனாக இருக்க இயலாது. பந்து எங்கே வரப்போகிறது என்பதை முன்னரே கணித்து, எதிரி வருமுன் அங்கே நிற்பவனாக இருக்க வேண்டும். மன்னாவின் பெருமை இக்கணிப்பில் இருந்தது. தாவி விழுவதும் தள்ளி வீழ்த்துவதும் அவரிடம் அரிது. மைதானத்தில் அவரைக் கண்டோர் யாவரும் அவருடைய பண்பட்ட ஆட்டத்தையே முதலிற் புகழ்வர். பண்பு அவரிடம் இயல்பாகவே இருந்தது. ஆயினும் அவ்வாட்டத்திற்குத் தேவையும் ஒரு காரணம் என்றே யாம் கருதுகிறோம். சிறந்த கலை பல, வேறு வழியில்லாமையில் பிறந்தவைதாமே!

அவருக்கு இன்னொரு கருவியும் இருந்தது. ஃப்ரீ கிக் என்னும் தனி உதையை நெடுந்தொலைவிலிருந்து வன்மையாகவும் குறி தவறாமலும் அடிப்பதில் அவர் வல்லவர். அவ்வலிமை ஒரு முக்கியமான நாளில் அவருக்குக் கைகொடுக்கவில்லை. அதனை இப்போது காண்போம்.

1948ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள், இலண்டனை அடுத்த இல்ஃபோர்டில், ஒலிம்பிக் போட்டியின் முதற் சுற்றில் விடுதலை பெற்ற இந்தியா பிரான்சை எதிர்த்து ஆடியது. அணித்தலைவர் நாகா மலையிலிருந்து கல்கத்தாவுக்கு மருத்துவம் பயில வந்த தலிமேரன் ஆவோ; மன்னாவுடன் மோகன் பகானில் ஆடியவர். அணியிற் சென்றவர் பெயர்களை நம் வீட்டார் படித்தால் வியப்புறுவர்: வரதராஜ், வஜ்ரவேலு, தன்ராஜ், சாரங்கபாணி ராமன்! தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த பெங்களூர்த் தண்டுப் பகுதி அந்நாளில் கால்பந்தின் நாற்றங்கால். அங்கிருந்து கல்கத்தாவின் பெருங்கழகங்களுக்கும் நாட்டின் அணிக்கும் ஆட்டக்காரர் வந்தவண்ணம் இருந்தனர்.

இந்தியரில் மிகப் பலர் அன்று வெறுங்காலுடனேயே இறங்கினர். முதற் பாதியில் பிரான்சு ஒரு கோல் அடித்தது. எழுபதாம் நிமிடத்தில் அதனைச் சமன்செய்தவர் ராமன். விடுதலை இந்தியா ஒலிம்பிக்கில் அடித்த முதல் கோல் அது. அடித்தவர் பெயர் சாரங்கபாணி ராமன் என்பதை நம் பிள்ளைகள் அறிந்துகொள்ளட்டும். அவ்வாட்டத்தில் இந்தியாவுக்கு இரண்டு பெனால்டிகள் கிடைத்தன. ஒன்றை அடித்தவர் மன்னா. மற்றொன்றை அடித்தவர் மகாபீர் பிரசாத். இரண்டும் வீணாயின. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கையில் பிரான்சு இரண்டாம் கோலை அடித்து 2-1 என்று வென்றது.

பெனால்டி தவறியது ஒருவரின் வாழ்க்கையை எவ்வாறு வருத்தும் என்பதை விளையாட்டை அறிந்தோர் அறிவர். அதன்பின் ஆண்டுகள் பல சென்றும், புகழ் பல எய்தியும், அவ்வொரு உதையைப் பற்றி மன்னாவிடம் கேட்டவர் ஓயவில்லை. ஆனால் அவ்வாட்டத்தின் கணக்கை நேர்மையாகப் பார்ப்போமாயின், ஐரோப்பிய அணியொன்றை முழுநேரமும் எதிர்த்து, இறுதி நிமிடம் வரையில் ஒரே ஒரு கோல் மட்டும் கொடுத்த காவலில் பாதி அவருடையது. பத்திரிகைகள் வியந்தது கால்களைத்தான். ஏன் பூட்ஸ் அணிவதில்லை என்று கேட்ட ஆங்கிலேயரிடம், நாங்கள் ஆடுவது கால்பந்து, நீங்கள் ஆடுவது பூட்ஸ்பந்து என்னும் பொருள்பட ஆவோ விடையிறுத்தார் என்று வழங்குகிறது. அரண்மனை விருந்தில் அரச குடும்பத்தார் மன்னாவின் கால்களைப் பற்றி வியந்து வினவியதாகவும் கதைகள் உண்டு. இக்கதைகளிலிருந்தே வெறுங்கால் ஒரு நாட்டுச் சின்னமாயிற்று. தோல்விக்கு மருந்தாகவும் ஆயிற்று என்றால் மிகையாகாது.

இங்கேதான் 1950ஆம் ஆண்டின் கதை முளைக்கிறது. பிரேசில் நாட்டில் நடந்த அவ்வுலகக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெற்றது உண்மையே. தகுதிச் சுற்றில் எதிர்நிற்க வேண்டிய நாடுகள் விலகிக்கொண்டமையால் ஆடாமலே இடம் கிடைத்தது. இத்தாலி, ஸ்வீடன், பராகுவே ஆகிய நாடுகளுடன் ஒரே குழுவில் இந்தியாவின் பெயர் இடம்பெற்றது. பின்னர் இந்தியா விலகிக்கொண்டது. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தார் அப்போது சொன்ன காரணங்கள் ஆட்டக்காரர் தேர்வில் ஏற்பட்ட கருத்து வேற்றுமையும் பயிற்சிக்குக் காலம் போதாமையுமே. நெடும்பயணச் செலவு பெரும் தடை என்பாரும் உளர்; ஆயின் அதில் பெரும்பகுதியை ஏற்கப் பிரேசில் நாட்டினர் முன்வந்தனர் என்பதும் பதிவாகியுள்ளது.

பூட்ஸ் கதை ஏன் நில்லாது என்பதற்கு வேறு சான்று வேண்டா, நாள்கணக்கே போதும். 1950இல் வெறுங்கால் தடையாயிருந்திருப்பின், அதே உலகக் கழகத்தின் விதிகளின்படி 1952இல் ஹெல்சிங்கி நகரில் நடந்த ஒலிம்பிக் ஆட்டத்தில் நம்மவருள் பெரும்பாலோர் வெறுங்காலுடன் இறங்கியது எங்ஙனம்? பிற்காலத்தில் மன்னா இதனை மறையாது சொன்னார். உலகக் கோப்பை என்பதன் பெருமை அந்நாளில் தமக்கெல்லாம் தெரியாது என்றும், ஒலிம்பிக் ஒன்றே தம் கண்ணுக்குத் தெரிந்தது என்றும், பூட்ஸ் என்பது உண்மையை மூடிவைக்கச் சொல்லப்பட்ட காரணம் என்றும் அவர் கூறினார்.

இவ்வுண்மை கதையைக் காட்டிலும் கசப்பானது. விதி தடுத்தது என்றால் குறை பிறர்மீது. மதிப்பறியாமல் விட்டோம் என்றால் குறை நம்மீது. இத்தாலியர் தம் சிறந்த ஆட்டக்காரர் பலரை 1949ஆம் ஆண்டு விமான விபத்தில் இழந்திருந்தும், கப்பலேறி அட்லாண்டிக் கடலைக் கடந்து சென்று ஆடினர். இந்தியா விலகிய இடம் வெற்றிடமாகவே நின்றது. அக்குழுவில் மூன்று நாடுகளே ஆடின. பூட்ஸ் கதையால் அநீதி இழைக்கப்பட்டவர் யார் என்று கேட்டால், அந்த ஆண்டில் இருபத்தைந்து அகவையுடன் ஆற்றலின் உச்சியில் நின்ற மன்னாவும் அவர் தோழர்களுமே. போக மறுத்தவர் என்ற பெயர் அவர்களுக்கு வந்தது. உண்மையில் அவர்களைக் கேட்டு எவரும் முடிவு செய்யவில்லை.

அவர்கள் எத்தகைய அணி என்பது அடுத்த ஆண்டே தெரிந்தது. 1951ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் புதுடில்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. இந்திய அணிக்குத் தலைவர் மன்னா. பயிற்சி தந்தவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீம். இந்தோனேசியாவை 3-0, ஆப்கானிஸ்தானத்தை 3-0, மார்ச்சு 10ஆம் நாள் இறுதியாட்டத்தில் ஈரானை 1-0. வெற்றிக் கோலை அடித்த மேவாலாலின் பெயர் மறுநாள் நாடெங்கும் ஒலித்தது, அது தகும். அவரே அப்போட்டியில் மிகுதியான கோல் அடித்தவர். ஆயினும் கணக்கை மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டுகிறோம். மூன்று ஆட்டங்களில் இந்தியா அடித்தவை ஏழு, வாங்கியது ஒன்றுமில்லை. அப்பூச்சியத்தை எழுதியவர் கோல் காத்தவரும் பேக்குகளும். ஆசியாவின் முதல் கால்பந்துத் தங்கப் பதக்கம் அப்பூச்சியத்தின் மீதே நின்றது.

மறு ஆண்டு ஹெல்சிங்கி. அதே தலைவர், அணியிலும் அவருடன் நின்றோர் பலர். 1952 ஜூலை 15ஆம் நாள் யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோல்வி. இந்தியாவின் ஒரே கோலை ஈற்றில் அடித்தவர் பெங்களூர் அகமது கான். தலைவர் என்ற முறையில் பழி முழுதும் மன்னாவின் தோளில் விழுந்தது. வடநாட்டுக் குளிரும் ஈரத் தரையும் வெறுங்காலுக்கு ஒவ்வவில்லை என்பது உண்மை. ஆனால் அதற்கு மேலும் ஒன்று உண்டு. யுகோஸ்லாவியர் அப்போட்டியில் இறுதியாட்டம் வரையில் சென்று வெள்ளிப் பதக்கம் பெற்றவர்கள். அவர்தம் முன்னணியினர் இடம் மாறி மாறித் தாக்கினர். 1925க்கு முந்திய முறைப்படி நின்ற இரு பேக்குகள் அதனை எவ்வாறு தாங்குவர்? பூட்ஸ் அணிந்திருந்தால் பத்து என்பது ஆறாகியிருக்கலாம். முறை மாறாமல் வெற்றி வந்திராது.

அத்தோல்விக்குப் பின் பூட்ஸ் அணிந்தே ஆட வேண்டும் என்று சம்மேளனத்தார் கட்டாயமாக்கினர். முப்பது அகவையை நெருங்கிய ஆட்டக்காரர் காலின் பழக்கத்தை மாற்றிக்கொள்ளுதல் எளிதன்று. நாதசுரக் கலைஞர் ஒருவரிடம் நாளை முதல் வேறு சீவாளி என்று சொன்னால் எப்படியோ அப்படி. மன்னா மாறினார்; மாறியபின்னும் எட்டு ஆண்டுகள் ஆடினார். அவர் தலைமையில் ஆடிய இந்தியாவுக்கு 1954ஆம் ஆண்டு மணிலாவில் நடந்த ஆசியப் போட்டியில் ஏமாற்றமே கிடைத்தது. ஜப்பானை 3-2 என்று வென்றும், டில்லியில் தாம் வென்ற அதே இந்தோனேசியாவிடம் 0-4 என்று தோற்று வெளியேறினர். ஆகவே பூட்ஸ் போட்ட மறுநாளே வெற்றி வந்தது என்று சொல்வதும் மற்றொரு கட்டுக்கதையாகிவிடும். மற்றொரு புறத்தில் இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை ஆகிய நான்கு நாடுகள் ஆடிய கொழும்புக் கோப்பையில் 1952 முதல் 1955 வரையில் நான்கு முறையும் இந்தியாவுக்கே முதலிடம். முதன்முறை மட்டும் அதனைப் பாகிஸ்தானுடன் பகிர்ந்துகொண்டது. கொழும்பு, இரங்கூன், கல்கத்தா, டாக்கா என்று ஆண்டுக்கு ஓர் ஊராக அப்போட்டி நடந்தது.

அம்மாற்றத்தின் கனியைச் சுவைத்தவர்கள் அடுத்த தலைமுறையினர். 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ரஹீமின் பயிற்சியில் இந்தியா நான்காம் இடம் பெற்றது. அரையிறுதியில் அதே யுகோஸ்லாவியாவிடம் 4-1 என்றே தோற்றது, அதுவும் முதற் கோலை இந்தியா அடித்தபின். அவ்வணியில் மன்னா இல்லை. 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் மீண்டும் ஆசியத் தங்கம் வந்தபோது மன்னா ஓய்வு பெற்றிருந்தார். அவ்விறுதியாட்டத்தில் கோலைக் காத்தவர் பீட்டர் தங்கராஜ். கல்கத்தாவின் மூன்று பெருங்கழகங்களுக்கும் ஆடிய அந்நெடிய தமிழரைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுத வேண்டும். வேறொரு மலரில் யாரேனும் எழுதுக.

மன்னாவின் கழக வாழ்வைப் பற்றி விரைந்து சொல்லலாம். வெற்றிப் பட்டியல் நீண்டதாயினும் ஒரே சுவையது. 1953இல் டூரண்டு கோப்பை முதன்முறையாக மோகன் பகானுக்கு வந்தது. 1954இல் ஒரே ஆண்டில் கல்கத்தா லீக் பட்டமும் ஷீல்டும். 1955இல் ரோவர்ஸ் கோப்பை. எதிரணியான ஈஸ்ட் பெங்காலிலோ வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே என்னும் ஐவர் முன்னணியில் நின்று 'பஞ்ச பாண்டவர்' என்று பெயர் பெற்றிருந்தனர், ஐவரும் தென்னாட்டினர். பந்தைத் தம்முள் மாற்றி மாற்றித் தைத்தது போல் கொண்டுவரும் அவ்வைவரை எதிர்த்து நின்ற மன்னாவின் ஆட்டமே அவர் வாழ்வின் சிறந்த ஆட்டம் என்பார் உண்டு. நுழைவுச்சீட்டு கிடையாதவர் கோட்டையை ஒட்டிய மேட்டில் நின்றும், அட்டையும் கண்ணாடியும் கொண்டு செய்த பெரிஸ்கோப்பைத் தலைக்கு மேல் உயர்த்தியும் பார்த்த காலம் அது.

இத்தனைக்கும் அவர் வயிறு வளர்த்தது கால்பந்தால் அன்று. இந்திய நில இயல் ஆய்வுத் துறையில் அவர் ஊழியம் செய்தார்; சம்பளம் அங்கே, ஆட்டம் இங்கே. கழகத்திடமிருந்து காசு வாங்காதவர் என்பது மைதானத்தில் அவரைப் பற்றி முதலிற் சொல்லப்படும் செய்தி. அலுவலகம் சென்று, கோப்புகளை முடித்து, மாலையில் மழையில் நனைந்த மைதானத்தில் எண்பதினாயிரம் கண்களின் முன் நின்று, மறுநாள் காலை மீண்டும் அதே அலுவலகம்: இவ்வாழ்க்கையை அலுவலகங்களை நம்பி இந்நகருக்கு வந்த நம் குடும்பங்கள் எளிதில் உணரும். இன்று ஓர் ஆட்டக்காரரின் விலை கோடிகளில் பேசப்படுகிறது. அதனைக் குறை கூறுவதற்கில்லை. காலுக்கு ஊதியம் கேட்பது தவறன்று. ஊதியம் கேளாமல் ஆடியவரை அக்காலத்தார் தக்கவாறு போற்றினரா என்பதே கேள்வி. பத்மஸ்ரீ அவருக்கு 1971இல்தான் வந்தது. தங்கப் பதக்கம் ஏந்தி இருபது ஆண்டுகள் சென்றபின்.

இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் 1953ஆம் ஆண்டு ஆண்டேட்டில் உலகின் சிறந்த அணித்தலைவர் பதின்மருள் ஒருவராக அவரைக் குறித்தது. ஹெல்சிங்கியில் பத்துக் கோல் வாங்கிய மறு ஆண்டு அது என்பதை நோக்குக. 2001ஆம் ஆண்டு மோகன் பகான் கழகம் தன் பெருவிருதான மோகன் பகான் ரத்னாவை நிறுவியபோது முதலில் அதனைப் பெற்றவர் அவரே. ஆடுவதை விட்டபின்னும் கழகப் பணியில் ஈடுபட்டுப் பல தலைமுறை ஆட்டக்காரரை அவர் கண்டார்.

2012ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள், எண்பத்தேழாம் அகவையில், கொல்கத்தாவில் அவர் காலமானார். மறுநாள் ஏடுகள் பலவும் வெறுங்காலையும், தவறிய பெனால்டியையும், பூட்ஸ் கதையையும் மீண்டும் அச்சிட்டன. டில்லியில் எழுதப்பட்ட பூச்சியத்தை எடுத்துரைத்தவர் சிலரே.

ஹௌரா நகரில் அவர் பெயரால் ஒரு விளையாட்டரங்கம் உள்ளது. சென்னை மெயிலில் வந்திறங்கும் உறவினரை அழைத்துவர ஹௌரா நிலையம் செல்வோர், வண்டி தாமதமென்று அறிவித்தால், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் அதனைக் காட்டி வரலாம்.